அண்ணன் கொடுத்த ஷில்லிங்

எலெக்ட்ரிக்கல் பிரிவுக்காரங்களுக்கு மைக்கேல் ஃபாரடேயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர் பெயரில் விதிகள் இருக்கின்றன, பத்து மார்க் கேள்வியாக வரும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் அவர் அந்நியர் இல்லை. ஹாஸ்டல் ஃபேன் சுற்றுவதும், தண்ணீர் டேங்க் நிரம்புவதும் அவர் புண்ணியம்தான். அந்தப் பத்து மார்க்குக்குப் பின்னாடி இருக்கிற மனிதரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

1791 செப்டம்பர் 22-ல் லண்டனின் தென்பகுதியில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். 1801-ல் தானிய விலை ஏறியபோது, ஒன்பது வயசுப் பையன் ஃபாரடேவுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கணக்கு. பள்ளிக்கூடம் என்று பார்த்தால் எழுத, படிக்க, கொஞ்சம் கூட்டல் கழித்தல், அவ்வளவுதான். பதிமூன்று வயசில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதில் ஒரு வேலை. அடுத்த வருடமே பைண்டிங் கற்றுக்கொள்ள ஏழு வருட ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைத் தைக்கிற கையோடு படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அப்படிக் கிடைத்தவைதான். முதலாளி ரீபோவும் தடுக்கவில்லை. கடையிலேயே சின்னச் சின்ன சோதனை செய்துபார்க்க விட்டார்.

1810-ல் டேட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரத்தில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். ஒரு கூட்டத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பைண்டிங் கற்கும் பையனிடம் ஏது காசு? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர் வேலைதான். அந்த வருடம்தான் அப்பாவும் இறந்துபோனார். இரும்படித்துச் சம்பாதித்த காசில் ஒரு ஷில்லிங், மறுபடி ஒரு ஷில்லிங் என்று ஒரு டஜன் கூட்டங்களுக்கு அண்ணன் கொடுத்திருக்கிறார். புத்தகங்கள் எல்லாம் ஃபாரடேயைக் கண்டெடுத்தவர் ஹம்ஃப்ரி டேவி என்றே சொல்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டேவிக்கு முன்னால் கண்டெடுத்தவர் ராபர்ட். வீட்டில் ஒருவர் படிக்க இன்னொருவர் பட்டறைக்கோ, மில்லுக்கோ, கூலிக்கோ போகிற கதை நம்மில் பலருக்குப் புதுசு இல்லையே!

அந்தக் கூட்டங்களில் அவருக்கு நண்பர்களும் கிடைத்தார்கள். ஃபாரடேவுக்கு எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை, உச்சரிப்புப் பிழை எல்லாம் உண்டு. மக்ராத் என்ற நண்பர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து அவற்றைத் திருத்திக் கொடுத்தார், அதுவும் வருடக்கணக்கில். இங்கிலாந்தில் பிறந்தவருக்கே இங்கிலீஷ் தகராறு என்றால், தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் வருடம் முழிக்கிற நாம வெட்கப்பட என்ன இருக்கிறது?

1812-ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் சொற்பொழிவுக்கு டிக்கெட் கொடுத்தார். நான்கு கூட்டம் கேட்டு, சுமார் 300 பக்கத்துக்குக் குறிப்பெழுதி, படம் போட்டு, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார் ஃபாரடே. அடுத்த வருடம் அங்கே இருந்த உதவியாளர் ஒரு கைகலப்பில் வேலையை இழக்க, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க அறை. சும்மா வந்த சுகமில்லை. டேவியோடு ஒன்றரை வருடம் ஐரோப்பா சுற்றியபோது, டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1824-ல் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, எதிர்த்தவர் அதன் தலைவரான அதே டேவி.

இனி 1831-க்கு வருவோம். மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்பது அதற்கு முன்பே தெரியும். காந்தம் மின்சாரத்தைக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. ஃபாரடே முன்பும் முயன்று தோற்றிருந்தார். ஆகஸ்ட் 29-ல் ஆறு அங்குல இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு காயில், மறுபக்கம் இன்னொரு காயில், சுற்றுகளுக்கு நடுவே நூலும் துணியும். இரண்டாவது காயிலின் கம்பி மூன்றடி தள்ளி ஒரு காந்த ஊசிக்கு மேலே போனது. முதல் காயிலுக்கு பேட்டரி கொடுத்தார். ஊசி துள்ளிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேட்டரியை எடுத்தார், மறுபடி ஒரு துள்ளல். கரண்ட் ஒரே சீராக ஓடும்போது ஒன்றுமே இல்லை! அந்தத் துள்ளலில்தான் விஷயம். காந்தம் இருந்தால் போதாது, அது மாற வேண்டும். அந்த வளையம்தான் தெருமுனை ட்ரான்ஸ்பார்மருக்கு மூதாதை. அக்டோபர் 28-ல் காந்த முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து கரண்ட் எடுத்தார். அதுதான் முதல் ஜெனரேட்டர்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். பத்திகளுக்கு எண் போட்டு எழுதியதில் கடைசி எண் 16041. தோற்றுப்போன சோதனைகளும் அதில் இருக்கின்றன. ரெக்கார்டு நோட் சப்மிட் பண்ணும் முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டலில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மேலே சொல்லவில்லை.

அவருக்குக் கணக்கு வராது. ஆய்வு நூல்களில் சமன்பாடுகளைத் தேடினாலும் கிடைக்காது. இரும்புத்தூள் காட்டுகிற கோடுகளை வைத்தே யோசித்தார். படித்தவர்கள் பலர் அதை லேசாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மேக்ஸ்வெல் வந்து அந்தக் கோடுகளைக் கணக்காக்கிய பிறகே மதிப்பு வந்தது. (அதற்காக மேத்ஸ் அரியரை வைத்துக்கொண்டு ஃபாரடேயைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். கணக்கு தெரியாதது அவருக்குக் கடைசி வரை குறையாகத்தான் இருந்தது.) கிரேக்கமும் தெரியாது. தன் கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் வைக்க, 1834-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹ்யூவெல்லைக் கேட்டார். அனோடு, கேதோடு, அயான் எல்லாம் அப்படி வந்தவை. நம்மைப் போலவே அவருக்கும் அவை வேற்றுமொழி வார்த்தைகள்தான்!

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார். ராஜாக்களைப் புதைத்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தனக்கு இடம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டதால், ஹைகேட் கல்லறையில் சாதாரணக் கல் ஒன்றுதான் அவருக்கு.

மோட்டார், ஜெனரேட்டர், ட்ரான்ஸ்பார்மர் எதற்கும் அவர் பேடண்ட் வாங்கவில்லை. ஒரே ஒரு விஷயம் பேடண்ட் ஆனது. கலங்கரை விளக்கங்களில் விளக்கின் ஆவி கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். அந்த ஆவியைத் தனிக் குழாயில் வெளியே இழுக்க ஒரு ஏற்பாடு செய்தார் ஃபாரடே. வீட்டு கேஸ் விளக்குக்கும் அது பொருந்தும், நல்ல விற்பனை உண்டு. அந்த உரிமையை அவர் தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. அப்போது கேஸ் விளக்குத் தொழிலில் இருந்த ராபர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். 1843-ல் பேடண்ட் அண்ணன் பெயரில் பதிவானது.