லாம்டா கண்ட அலான்சோ சர்ச்

‘லாம்டா கால்குலஸ்’ என்ற பெயரைக் கேட்டதும் கணிப்பொறியியல் மாணவர் பலருக்கு வகையீடும் தொகையீடும் நினைவுக்கு வந்து அச்சமூட்டுகின்றன. இதில் அவை இரண்டுமே இல்லை. இன்றைய மின்னணுக் கணிப்பொறி தோன்றுமுன்பே இதனைக் கண்டவர் அலான்சோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித மேதையாவார்.

அவர் 1903 ஜூன் 14 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். நீதிபதியாக இருந்த தந்தை, பார்வை மங்கியதால் பதவியை இழந்தார். குடும்பம் வர்ஜீனியாவின் நாட்டுப்புறத்துக்குப் பெயர்ந்தது. மகனுக்கும் பள்ளிப் பருவத்தில் காற்றுத் துப்பாக்கி விபத்தால் ஒரு கண் பார்வை பெரிதும் குன்றியது. உறவினர் உதவியால் படித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1924 இல் பட்டமும் 1927 இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1929 இல் அங்கேயே ஆசிரியரானார்.

கணிதம் முழுவதற்கும் முரண்பாடற்ற ஓர் அளவையியல் அடித்தளம் அமைக்க வேண்டும் என்பதே அவரது கனவு. 1932 இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். லாம்டா அதன் ஒரு பகுதி மட்டுமே. ‘ஓர் எண்ணுடன் மூன்றைக் கூட்டுக’ என்பது ஒரு சார்பு. அதற்குத் தனிப்பெயர் இடாமலே ‘லாம்டா க. க + 3’ என எழுதிவிடலாம். அதனிடம் 5 ஐக் கொடுத்தால், க இருந்த இடத்தில் 5 அமர்ந்து 5 + 3 ஆகிறது. அவ்வளவுதான்! ஆனால் கொடுக்கப்படும் பொருளும் ஒரு சார்பாக இருக்கலாம் என்பதில்தான் இதன் ஆற்றல் உள்ளது. எண்களும் இங்குச் சார்புகளே. 2 என்பது ஒரு செயலை இருமுறை செய்வது. 3 என்பது மும்முறை செய்வது. இரண்டையும் தொடர்ந்து செய்தால் 5, கூட்டல் முடிந்தது. ஒன்றைக் குறைப்பதுதான் கடினம். அஃது இயலாது என்றே சர்ச் எண்ணத் தொடங்கினார். வழி கண்டவர் அவருடைய மாணவர் ஸ்டீபன் கிளீனி. அதுவும் பல் மருத்துவரிடம் சென்றிருந்த வேளையில்!

அதே கிளீனியும் பார்க்லி ராசர் என்ற இன்னொரு மாணவரும் சேர்ந்து, ஆசிரியரின் அமைப்பிலேயே முரண்பாடு உண்டென்று 1935 இல் நிறுவினர். ஆண்டுக் கணக்கில் எழுப்பிய மாளிகை மாணவர் கையாலேயே சரிந்தது. பலர் அத்துடன் துறையையே விட்டிருப்பர். சர்ச்சோ லாம்டா பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அது முரண்பாடற்றது என்பதை அந்த ராசருடனேயே சேர்ந்து நிறுவினார்.

எஞ்சிய அப்பகுதியே பெரும்பணி ஆற்றியது. அளவையியல் வாய்பாடு எதுவாயினும் அது என்றும் மெய்யா என முடிவு செய்ய ஒரு பொது வழிமுறை உண்டா என்பது ஹில்பர்ட் விடுத்த வினா. இல்லை என்று சர்ச் 1936 இல் நிறுவினார். இங்கிலாந்தில் ஆலன் டூரிங் என்ற இளைஞர், கற்பனைப் பொறி ஒன்றின் வாயிலாகத் தனியே அதே முடிவை எய்தினார். சர்ச் அதனை மனமுவந்து ஏற்றார். 1937 இல் எழுதிய மதிப்புரையில் அதற்கு ‘டூரிங் பொறி’ எனப் பெயர் சூட்டியவரே அவர்தாம். மறு ஆண்டு டூரிங் அவரிடமே முனைவர் பட்டம் பெற்றார். இக்காலத்தில் இப்பெருந்தன்மை அரிது!

ஜான் மெக்கார்த்தி 1958 இல் ‘லிஸ்ப்’ மொழியை வகுக்கத் தொடங்கியபோது லாம்டா குறியீட்டை எடுத்தாண்டார். பைத்தான் மொழியில் இன்றும் அச்சொல் உண்டு. ஜாவா 2014 இல் அக்கருத்தை ஏற்றது. சர்ச் 1967 முதல் 1990 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றினார். 1995 ஆகஸ்ட் 11 அன்று, 92 ஆம் வயதில், ஒஹையோ மாநிலத்தில் காலமானார். அவரது உடல் பிரின்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.