கப்பலுக்குக் கோடு கிழித்தவர்

1875-ம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந் தேதி. லண்டனில் காமன்ஸ் சபை கூடியிருந்தது.

பிரதம மந்திரி டிஸ்ரேலி எழுந்தார். கூட்டத்தொடர் முடியப் போகிறது, நேரம் போதாது, ஆகவே சில மசோதாக்களைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தார். கைவிடப்பட்டவற்றில் ஒன்று, கப்பல்களின் பாதுகாப்பு பற்றிய மசோதா.

உடனே எதிர்க்கட்சி வரிசையில் இருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மாலுமிகளைச் சாகக் கொடுக்கும் வில்லன்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்களை அம்பலப்படுத்தியே தீருவேன் என்று கத்தினார். மூழ்கிப்போன கப்பல்களின் பெயர்களைப் படித்தார். அவற்றின் சொந்தக்காரர் இந்தச் சபையிலேயே இருக்கும் அங்கத்தினர்தானா என்று கேட்டார்.

சபை கொந்தளித்தது. பேச்சை வாபஸ் வாங்கும்படி சபாநாயகர் சொன்னார். அவர் மறுத்தார். சபை நடுவே வந்து நின்று, கை முட்டியை ஆட்டினார். பிறகு வெளியே போய்விட்டார்.

அவர் பெயர் சாமுவேல் பிளிம்சால். அப்போது அவருக்கு வயது 51.

பசியை அறிந்தவர்

பிளிம்சால் 1824-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பிரிஸ்டல் ஒரு துறைமுகப் பட்டினம். ஆனால் அவர் கடலில் பிழைத்தவர் அல்ல. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, ஷெபீல்டு நகரில் ஒரு மதுபானத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கேயே மானேஜராக உயர்ந்தார்.

1853-ல் லண்டனுக்குப் போய், நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். வியாபாரம் படுத்துவிட்டது. கையில் இருந்த காசெல்லாம் போயிற்று. ஏழைகள் தங்கும் மலிவான விடுதி ஒன்றில் குடியேறினார். வாரம் 8 ஷில்லிங்குக்கும் குறைவான பணத்தில் காலம் தள்ளினார்.

அங்கே அவர் கூலிக்காரர்களோடு கூலிக்காரராக வாழ்ந்தார். கஷ்டப்படுகிறவன் தன்னைவிடக் கஷ்டப்படுகிறவனுக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்தார். பின்னால் மறுபடி வியாபாரத்தில் இறங்கிப் பணக்காரர் ஆனார். ஆனாலும் அந்த விடுதியை அவர் மறக்கவில்லை.

1868-ல் டெர்பி தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சவப்பெட்டிக் கப்பல்கள்

அந்தக் காலத்தில் கப்பல் தொழிலில் ஒரு கொடுமை நடந்து வந்தது.

ஒரு கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. எவ்வளவு ஏற்றுகிறார்களோ, அவ்வளவு லாபம். கடல் நீர் மேல்தளத்தைத் தொடும் அளவுக்கு ஏற்றி அனுப்புவார்கள். கடல் அமைதியாக இருந்தால் கப்பல் போய்ச் சேரும். புயல் அடித்தால் மூழ்கும்.

மூழ்கினால் முதலாளிக்கு நஷ்டம் ஆயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை! கப்பலை அதன் விலையைவிட அதிகத் தொகைக்கு இன்சூர் செய்திருப்பார்கள். உளுத்துப்போன பழைய கப்பலுக்குப் புதுப் பெயிண்டு அடித்து, புதுப் பெயர் வைப்பார்கள். கரை சேர்ந்தால் சரக்குக் கூலி. மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம். எப்படியும் முதலாளிக்கு லாபம்தான். போவது மாலுமியின் உயிர்.

எல்லா முதலாளிகளும் அப்படி இல்லை. நேர்மையானவர்களும் இருந்தார்கள். இந்த அநியாயத்தைப் பிளிம்சாலுக்கு முன்பே எதிர்த்தவர் ஜேம்ஸ் ஹால் என்ற ஒரு கப்பல் முதலாளிதான்.

மாலுமி ஏன் அந்தக் கப்பலில் ஏறினான்? கப்பலைப் பார்க்கும் முன்பே அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். பிறகு கப்பலைப் பார்த்துப் பயந்து, வரமாட்டேன் என்று சொன்னால் அது குற்றம். போலீசார் பிடித்துப் போவார்கள். நீதிபதி சிறைக்கு அனுப்புவார். 1870-ல் இருந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் இப்படிச் சிறை சென்றார்கள். கடலில் சாவதைவிடச் சிறையே மேல் என்று போனவர்கள் அவர்கள்.

இந்தக் கப்பல்களுக்கு மக்கள் வைத்த பெயர், சவப்பெட்டிக் கப்பல்கள்.

புத்தகமும் வழக்குகளும்

பிளிம்சால் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. சபையில் கப்பல் முதலாளிகள் பலர் அங்கத்தினர்களாக இருந்தார்கள்.

1873-ல் "நமது மாலுமிகள்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். கப்பல் கட்டுவதில் நடந்த மோசடியை அதில் விவரித்தார். பலகைகளை இணைக்க நீளமான போல்ட் அடிக்க வேண்டிய இடத்தில், தலையை மட்டும் ஒட்டி வைத்து ஏமாற்றுவார்களாம். பார்த்தால் போல்ட். உள்ளே ஒன்றும் இல்லை!

புத்தகம் நாட்டையே உலுக்கியது. அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. ஆனால் புத்தகத்தில் சில தவறுகளும் இருந்தன. கோபத்தில் எழுதியதால், சிலர் மீது ஆதாரம் போதாமல் குற்றம் சாட்டிவிட்டார். அவர் மீது அவதூறு வழக்குகள் வந்தன. பணம் கரைந்தது.

விசாரணைக் கமிஷனும் கைவிட்டது. சரக்கின் அளவைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்று அது கருதியது. 1874-ல் பிளிம்சாலின் மசோதா மூன்றே மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

ஓராண்டு கழித்து, வேறு வழியின்றி அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவந்தது. அதில் ஓட்டைகள் நிறைய. ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்று பிளிம்சால் காத்திருந்தார். அதைத்தான் ஜூலை 22-ந் தேதி டிஸ்ரேலி கைவிட்டார். குளிர்காலப் புயல்களுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

மன்னிப்பும் வெற்றியும்

பிளிம்சாலைக் கண்டிக்க வேண்டும் என்று டிஸ்ரேலி தீர்மானம் கொண்டுவந்தார். லிபரல் கட்சித் தலைவர் ஹார்ட்டிங்டன் பிரபு குறுக்கிட்டு, ஒரு வாரம் அவகாசம் கேட்டார். சபை ஒப்புக்கொண்டது.

அந்த ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. துறைமுகப் பட்டினங்களிலும் தொழில் நகரங்களிலும் பொதுக்கூட்டங்கள் நடந்தன. பத்திரிகைகள் எழுதின. மசோதாவைக் கைவிட்ட மந்திரிசபை மீது மக்கள் கோபம் திரும்பியது.

29-ந் தேதி பிளிம்சால் சபைக்கு வந்தார். சபை மரபை மீறிப் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் தான் சொன்ன விவரங்கள் எதையும் வாபஸ் வாங்கவில்லை. இந்த இடத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. சபையின் கவுரவமும் பிழைத்தது. அவர் வாதமும் பிழைத்தது.

நேரம் இல்லை என்று சொன்ன அதே மந்திரிசபை, இரண்டே வாரத்தில் அவசரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆபத்தான கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. மறு ஆண்டு, 1876-ல், நிரந்தரச் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போடவேண்டும், அதற்கு மேல் தண்ணீர் வரும்படி சரக்கு ஏற்றக்கூடாது என்று சட்டம் கூறியது.

ஆனால் கோட்டை எந்த இடத்தில் போடுவது? அதை முதலாளியின் இஷ்டத்துக்கே சட்டம் விட்டுவிட்டது! ஒரு காப்டன் புகைபோக்கியில் கோடு போட்டார் என்று கூட ஒரு கதை உண்டு. இந்த ஓட்டையை அடைக்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின. 1890-ல்தான் கோட்டின் இடம் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது.

அப்போது பிளிம்சால் பார்லிமெண்டில் இல்லை. 1880 தேர்தலில் அமோகமாக ஜெயித்தும், தன் இடத்தை ஹார்கோர்ட் என்ற மந்திரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். மந்திரியாக இருப்பவர் மாலுமிகளுக்கு அதிகம் செய்வார் என்று நம்பினார். அந்த நம்பிக்கை வீணாயிற்று. அந்த இடத்தை அவர் விட்டிருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது.

வெளியே இருந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. மாலுமிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். கப்பல்களில் ஆடு மாடுகளை அடைத்துக் கொண்டுபோகும் கொடுமையை எதிர்த்து எழுதினார். 1898-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, கடலோரத்தில் உள்ள போக்ஸ்டன் என்ற ஊரில் காலமானார்.

வட்டமும் கோடும்

சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும், அதன் நடுவே ஒரு குறுக்குக் கோடும் இருப்பதைப் பார்க்கலாம். அதுதான் பிளிம்சால் கோடு. பக்கத்திலேயே ஏணிப்படி போலச் சிறு கோடுகள் இருக்கும். நல்ல தண்ணீரில் கப்பல் அதிகமாக அமிழும். அதற்கு ஒரு கோடு. வெப்ப மண்டலக் கடலுக்கு ஒன்று. கோடை காலத்துக்கு ஒன்று. குளிர் காலத்துக்கு ஒன்று. வட அட்லாண்டிக் கடலின் குளிர்காலம் பொல்லாதது. அதற்குரிய கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும். 1930-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் இந்த ஏற்பாட்டைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கியது.

இங்கிலாந்தில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூவுக்குக் கூட பிளிம்சால் என்று பெயர். துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் கால் நனைந்துவிடும்!

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பிளிம்சாலுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1929-ல் அதை எழுப்பியவர்கள், மாலுமிகள் சங்கத்தார்.