கோல் கம்பங்களுக்கு நடுவே ஆல்பெர் காம்யு

1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இலக்கியத்திற்கான நோபெல் பரிசு ஆல்பெர் காம்யுவுக்கு என்று அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 43. பாரிசின் பார்க் தெ பிரான்ஸ் அரங்கில் ராசிங் கழகமும் மொனாக்கோ அணியும் மோதிய கால்பந்துப் போட்டியைக் காணக் கூட்டத்தோடு கூட்டமாக அவர் அமர்ந்திருந்தார். செய்திப்படக்காரர்கள் அங்கேயே அவரைப் பேட்டி கண்டனர். ராசிங் அணியின் கோல் காப்பாளர் ஒரு பந்தைத் தவறவிட்டிருந்தார். பிழை அவருடையதுதானா என்ற பேச்சு எழுந்தது. பரிசு பெற்ற எழுத்தாளரோ அந்தக் காப்பாளரின் பக்கமே நின்றார். கம்பங்களுக்கு நடுவே நின்று பார்த்தவர்க்கே அவ்விடத்தின் கடினம் விளங்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவ்வாறு சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவரும் ஒரு காலத்தில் அங்கே நின்றவர்.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்த ‘அந்நியன்’ வாயிலாகத் தமிழ் வாசகர் காம்யுவை நன்கறிவர். அபத்தவாதம் என்னும் சொல்லோடு பிணைத்தே அவர் பேசப்படுகிறார். அச்சொல்லின் நிழலில் மறைந்துபோன கால்பந்துச் சிறுவனை அறியாமல் அம்மனிதரை முழுமையாக அறிய இயலாது.

அல்ஜீரியாவின் மொந்தோவி என்னும் சிற்றூரில் 1913 நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை திராட்சைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர். முதல் உலகப்போரில் மார்ன் சமரில் காயமுற்று 1914இல் மாண்டார். எழுத்தறியாதவரும் செவிப்புலன் குன்றியவருமான தாய், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் பகுதியில் அவர்கள் வாழ்ந்த நெருக்கடியான வீட்டை ஆண்டவர் பாட்டி. கையில் சாட்டையும் மனத்தில் கணக்கும் கொண்ட மூதாட்டி அவர்.

அந்தக் கணக்கில் காலணிக்குத் தனி இடம் இருந்தது. பள்ளி முற்றத்தின் சிமெந்துத் தரையில் பந்து விளையாடினால் அடித்தோல் தேயும். தேய்ந்தால் புதியது வாங்கக் காசில்லை. ஆகவே கால்பந்து தடைசெய்யப்பட்டது. அடித்தோலில் பெரிய ஆணிகள் அறையப்பட்டன. ஆணிகளின் தேய்மானத்தைப் பாட்டி சோதித்துப் பார்ப்பார். பையன் விளையாடியது தெரிந்தால் அடி விழும். ஓடித் திரிய வேண்டாத காப்பாளருக்கே காலணி குறைவாகத் தேயும் என்பதால்தான் காம்யு அந்த இடத்தைத் தெரிந்துகொண்டார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதுவர். அங்ஙனமாயின், அணியில் அவருக்குரிய இடத்தை ஆர்வம் தேர்ந்தெடுக்கவில்லை, வறுமையே தேர்ந்தெடுத்தது எனலாம். பதினொருவரில் ஒருவனாக இருந்தும் தனியே நிற்கும் இடம் அது. பின்னாளில் அவருடைய பொதுவாழ்வும் ஏறத்தாழ அவ்வாறே அமைந்தது.

லூயி ழெர்மன் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர், பேரனை வேலைக்கு அனுப்ப எண்ணியிருந்த பாட்டியை இணங்கச் செய்து, உதவித்தொகைத் தேர்வுக்குப் பையனை ஆயத்தப்படுத்தினார். 1924இல் காம்யு உயர்பள்ளியில் சேர்ந்தார். நோபெல் உரைகளை நூலாக்கியபோது இந்த ஆசிரியருக்கே அதைக் காணிக்கையாக்கினார் என்பது பலரும் அறிந்ததே. உயர்பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கிடையே தம் ஏழ்மையை முதன்முறையாக உணர்ந்த பையனுக்கு, ஏற்றத்தாழ்வு பாராத இடமாக வாய்த்தது விளையாட்டுத்திடல். மோன்பான்சியே கழகத்தில் ஆடியபின், ஆர்.யு.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக ராசிங் கழகத்தின் இளையோர் அணியில் காப்பாளரானார். ஞாயிறு முதல் பயிற்சி நாளான வியாழன் வரையும், வியாழன் முதல் போட்டி நாளான ஞாயிறு வரையும் பொறுமையிழந்து காத்திருந்ததைப் பின்னர் அவரே எழுதினார். நாம் எதிர்பார்க்கும் திசையிலிருந்து பந்து வருவதில்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாராம்.

1930இன் இறுதியில், 17 வயதில், அவர் இரத்தம் கக்கினார். காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படாத காலம் அது. நுரையீரலைச் சுருக்கி ஓய்வளிக்கும் முறையே பெரும் மருத்துவமாக இருந்தது. படிப்பு தடைப்பட்டது. விளையாட்டு முடிந்தே போனது. இறைச்சிக்கடை வைத்திருந்த சிற்றப்பா முறையான உறவினர் தம் வீட்டில் அவருக்கு நல்ல உணவும் நூல்களும் கொடுத்தார். மெய்யியல் ஆசிரியர் ழான் கிரெனியே நோயாளி மாணவனைத் தேடி வந்து பார்த்தார். பிற்காலத்தில் உயர்நிலை ஆசிரியர் தேர்வு எழுதவும் போருக்குச் செல்லவும் அந்நோயே குறுக்கே நின்றது. எனினும் இழப்புகளில் அணியைப் பிரிந்ததே அவரை நெடுநாள் வருத்தியதென்று தோன்றுகிறது.

ஏனெனில் அவர் ஓயாது ஓர் அணியைத் தேடினார். 1937இல் அல்ஜியர்சில் நண்பர்களோடு நடத்திய நாடகக் குழுவுக்கு இட்ட பெயரே ‘அணி அரங்கு’ என்று பொருள்படும். நாசி ஆக்கிரமிப்பின்போது தலைமறைவாக வெளிவந்த ‘கொம்பா’ இதழிலும் அத்தகைய தோழமையையே அவர் கண்டார். 1947இல் வெளிவந்த ‘கொள்ளைநோய்’ புதினத்தில், அடைபட்ட நகரிலிருந்து தப்ப முயலும் செய்தியாளனுக்கும் முன்பின் அறியாத கோன்சாலெசுக்கும் இடையே நிலவிய இறுக்கம், இருவரும் கால்பந்து ஆடியவர் எனத் தெரிந்ததும் தளர்ந்துவிடுகிறது. பின்னர் அந்நகரின் விளையாட்டரங்கே நோயாளிகளோடு தொடர்பிலிருந்தோரைத் தனிமைப்படுத்தி அடைத்துவைக்கும் முகாமாகிறது. இடைவேளையில் தரப்படும் எலுமிச்சையையும் உடைமாற்றும் அறையின் தைல மணத்தையும் கோன்சாலெஸ் அங்கே நினைவுகூர்கிறான். கொடுந்துயரைக் கூறும் அந்நூலில் இதனினும் வாட்டும் பக்கங்கள் குறைவே. 1956இன் ‘வீழ்ச்சி’ நாயகனும் ஞாயிற்றுக்கிழமை அரங்கிலும் நாடகமேடையிலும் மட்டுமே தான் குற்றமற்றவனாக உணர்ந்ததாகக் கூறுவான்.

அறநெறி பற்றித் தாம் உறுதியாக அறிந்ததைக் கால்பந்தே கற்றுத்தந்தது என்று காம்யு கூறியதாக ஒரு வாசகம் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சாகி உலகைச் சுற்றுகிறது. 1953இல் பழைய கழகத்தின் இதழுக்கு எழுதிய கட்டுரையில் அவர் நன்றி கூறியது பொதுவாக விளையாட்டுக்கும், குறிப்பாக ஆர்.யு.ஏ.வுக்கும் ஆகும். கழகத்தின் பெயர் உதிர்ந்ததால், உடனாடிய தோழர்களுக்குச் செலுத்திய கடன் வெறும் பொன்மொழியாகச் சுருங்கியது.

அத்தோழர்களின் மண் 1954 முதல் பற்றியெரிந்தது. பொதுமக்களைக் கொல்லாதிருக்க இரு தரப்பும் உடன்பட வேண்டுமென்று 1956 ஜனவரியில் அல்ஜியர்சில் அவர் கேட்டபோது, மண்டபத்திற்கு வெளியே அவருக்கு மரணம் வேண்டிக் கூச்சலிட்டவர் அவருடைய சொந்த இனத்தவரான ஐரோப்பியக் குடியேறிகளே. விடுதலைப் போராளிகளோ அவருடைய நடுநிலையை நம்பவில்லை. அவர் விடுதலையை ஏற்கவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று. கால்பந்தும் பிளவுக்குத் தப்பவில்லை. மொனாக்கோ கழகத்தின் முஸ்தபா ஸிதூனி உள்ளிட்ட அல்ஜீரிய ஆட்டக்காரர்கள் 1958 ஏப்ரலில் பிரான்சைவிட்டு இரகசியமாக வெளியேறி, விடுதலை முன்னணியின் அணியில் சேர்ந்தனர். உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆடும் வாய்ப்பை ஸிதூனி துறந்தார்.

1960 ஜனவரி 4ஆம் நாள் வில்பிளெவன் என்னும் ஊரருகே, பதிப்பாளர் குடும்பத்து நண்பர் ஓட்டிய கார் மரத்தில் மோதியது. காம்யு அங்கேயே இறந்தார். பயன்படுத்தாத தொடர்வண்டிச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. காரிலிருந்த பையில் ‘முதல் மனிதன்’ புதினத்தின் 144 கையெழுத்துப் பக்கங்கள் கிடைத்தன. சிமெந்து முற்றமும் ஆணியறைந்த காலணியும் பாட்டியின் சாட்டையும் அவற்றில்தான் இருந்தன. அதை என்றும் படிக்க இயலாத தாய்க்கே நூலைக் காணிக்கையாக்கியிருந்தார். தாயும் அவ்வாண்டே அல்ஜியர்சில் காலமானார். நூல் 1994இல் அச்சேறியது.