திருக்குறுங்குடி தந்த செல்வர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்

நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என எம்பெருமான் ஐந்து நிலைகளில் ஸேவை ஸாதித்தருளும் பாண்டிநாட்டுத் திவ்யதேசம் திருக்குறுங்குடி. பிரும்மராக்ஷஸனுக்குக் கொடுத்த வாக்கை உயிரினும் பெரிதாக மதித்துத் திரும்பிச் சென்ற நம்பாடுவானின் சரித்திரம் நிகழ்ந்ததும் இத்தலத்திலேயாம். அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பிறந்தவர் ஸ்ரீ சுந்தரம் ஐயங்கார்.

அவர் முதலில் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். ஒன்றிலும் மனம் நிலைக்கவில்லை. 1911இல் தம் பெயரால் நிறுவனம் கண்டு, 1912இல் மதுரையில் பேருந்து விடத் தொடங்கினார். மாட்டுவண்டிகளே நிறைந்திருந்த சாலைகளில் அது துணிகரமான காரியம். லாட ஆணிகள் சக்கரங்களைப் பதம் பார்க்க, காந்தம் பூட்டிய வண்டியொன்றை முன்னே அனுப்பி அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்பர். அவருடைய பேருந்து வரும் நேரத்தைக்கொண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்பதும் தென்னாட்டில் பிரஸித்தம். நம்பாடுவான் ஊரில் பிறந்தவர் சொன்ன நேரத்தைத் தவறவிடாததில் வியப்பென்ன! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது, கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைப் பொருத்தி வண்டிகளை ஓட்டினார்.

தொழிலதிபர்களின் ஊர்ப்பற்று பட்சபாதமாக முடிவதும் உண்டு. நம்மூரான் என்னும் ஒரே தகுதிக்காக வேலை அளிப்பதும், நஷ்டத்திலோடும் ஆலையை அபிமானத்துக்காகவே மூடாதிருப்பதும் உலகெங்கும் காணப்படுவனவே. சுந்தரம் ஐயங்கார் தம் தொழிலைக் குறுங்குடியில் வைக்கவில்லை. சாலைகள் கூடும் மதுரையிலேயே நிலைபெறச் செய்தார். ஊரையோ பெயரில் சுமந்தார். டி.வி.எஸ். என்பதன் முதலெழுத்து திருக்குறுங்குடியே. அப்பேருந்தில் ஏறியவர்களுள் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

இளமையிலேயே கணவரை இழந்த புதல்வி ஸௌந்தரம் மருத்துவம் பயின்று டாக்டரானதும், 1947இல் காந்திகிராமத்தை நிறுவியதும் அக்குடும்ப வரலாற்றில் தனிச்சிறப்புடையன. ஆசாரம் மிகுந்த அக்காலத்தில் அது எளிதன்று.

1955 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் பரமபதம் அடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் புதல்வர் ஸந்தானம் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். மயிலையிலிருந்து மவுண்ட்ரோடு பக்கம் செல்லும் அன்பர்கள் சுந்தரம் என்னும் பெயரை இன்றும் அங்கே காணலாம். 1970களின் தொடக்கத்தில் பேருந்துகள் அரசுடைமையாயின. ஆயினும் ஊர்த்தொடர்பு அறவில்லை. பேரர் வேணு ஸ்ரீநிவாஸன் குறுங்குடித் திருக்கோயிலின் திருப்பணியை மேற்கொண்டார். 1996இல் தொடங்கிய ஸ்ரீநிவாஸன் ஸேவா அறக்கட்டளை, அவ்வட்டாரச் சிற்றூர்களிலும் தொண்டு புரிந்து வருகின்றது. நலிந்திருந்த கைசிக நாடகமும் 1999இல் புத்துயிர் பெற்றது. கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் குறுங்குடி செல்வோர், நம்பி ஸந்நிதியில் நம்பாடுவான் வாக்குத் தவறாது திரும்பி வரும் காட்சியைக் கண்ணாரக் காணலாம்.