ழான் மோனே

அவர் ஒரு தேர்தலிலேனும் நின்றவரல்லர். ஒரு நாட்டுக்கேனும் பிரதம மந்திரியாய் இருந்தவரல்லர். மேடையேறிச் சபையைக் கவரும் நாவன்மையும் அவர்க்கு இருந்ததில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் ழான் மோனே என்னும் பிரெஞ்சுக்காரரைக் கடந்து செல்ல இயலாது. யுத்த காலத்தில் அடுப்புக்கும் ஆலைக்கும் கப்பலுக்கும் வேண்டிய எரிபொருள் அருகும்போது, நட்புக்கொண்ட நாடுகளே ஒன்றையொன்று முந்திக்கொண்டு சந்தைக்கு ஓடும். இந்நிலையை மோனே வாலிபத்திலும் கண்டார், முதுமையிலும் கண்டார். கண்டபோதெல்லாம் ஒரே மருந்தையே கூறினார். அது சிலவேளை பலித்தது, சிலவேளை பலிக்கவில்லை. இரண்டையும் ஒளியாது ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மோனே 1888 நவம்பர் 9இல், பிரான்சின் தென்மேற்கேயுள்ள கோன்யாக் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் மதுவை அயல்நாடுகளுக்கு விற்பது அவர் குடும்பத் தொழில். படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ஆங்கிலமும் வியாபாரமும் பழகும்பொருட்டு லண்டனுக்கும், பின்னர்க் கனடாவுக்கும் சென்றார். புறப்படுங்கால், புத்தகங்களைக் கொண்டுபோக வேண்டா, கண்ணைத் திறந்து பார்த்து மனிதரோடு பேசுக என்று தந்தை அறிவுறுத்தினாராம். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் நம் மாணவர் எவரேனும் இதனை மேற்கோளாகக் கொள்வரேல், மோனேயின் தந்தை ஆசிரியரல்லர் என்பதை நினைப்பூட்ட விரும்புகிறோம்.

1914இல் யுத்தம் மூண்டது. உடல்நலக் குறைவால் மோனே படையிற் சேர்க்கப்படவில்லை. ஜெர்மானியர் பாரிஸை நெருங்கவே, பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. இருபத்தைந்து வயதே நிரம்பிய இவ்வியாபாரி, குடும்ப நண்பராகிய ஒரு வழக்கறிஞரின் துணைகொண்டு அங்கே பிரதம மந்திரி விவியானியைக் கண்டார். பிரான்சும் இங்கிலாந்தும் ஒரே பகைவனோடு போர் புரிகின்றன. ஆனால் கோதுமை வாங்கவும் கப்பல் அமர்த்தவும் ஒரே சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியிட்டு விலையை ஏற்றிக்கொள்கின்றன. இருவர் தேவையையும் ஒரே கணக்கில் எழுதி ஒரே கையால் வாங்கினால் என்ன என்பதே அவர் கேட்ட கேள்வி. விவியானி அவரை லண்டனுக்கு அனுப்பினார். 1916இன் இறுதியில் நேச நாடுகள் கோதுமையைக் கூடி வாங்கும் குழு ஒன்றை ஏற்படுத்தின. அதற்கே ஈராண்டு சென்றது.

கோதுமையினும் கொடிது கரியின் பஞ்சம். பிரான்சின் வடபால் இருந்த வளமிக்க சுரங்கங்கள் தொடக்கத்திலேயே பகைவர் வசமாயின. இத்தாலியில் சொல்லத்தக்க நிலக்கரி கிடையாது. ஆதலின் இருநாடுகளும் பிரிட்டிஷ் கரியையே நம்பியிருந்தன. 1917இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எதிர்ப்பட்ட கப்பலையெல்லாம் அமிழ்த்தத் தொடங்கியபோது, இருக்கும் கப்பல்களில் எதை முதலில் ஏற்றுவது என்பதே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினாவாயிற்று. நேச நாடுகளின் கப்பற் போக்குவரத்துச் சபை அப்போது எழுந்தது. அதன் நிர்வாகக் குழுவில் ஆங்கிலேயராகிய ஆர்தர் சால்டருடன் பிரான்சின் சார்பில் மோனே அமர்ந்தார்.

1918இல் அச்சபை செய்த ஒரு காரியம் நம் உள்ளத்தைக் கவர்கின்றது. இத்தாலிக்குக் கரி கொண்டுபோகும் கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றி நெடுந்தூரம் செல்லவேண்டும், ஆபத்தும் மிகுதி. ஆகவே பிரான்சு தன் சொந்தக் கரியை ரெயில் மார்க்கமாய் இத்தாலிக்கு அனுப்புவதென்றும், பிரான்சுக்கு நேரும் குறையை இங்கிலாந்து குறுகிய கடல்வழியில் ஈடுசெய்வதென்றும் ஏற்பாடாயிற்று. கப்பல்கள் எத்தனையோ மிச்சப்பட்டன. ஆனால் குளிரில் வாடும் ஒரு நாடு தன் கரியைப் பிறனுக்கு முதலில் கொடுத்து, தனக்கு வரவேண்டியது வந்து சேரும் என்று நம்பியிருக்கவேண்டும். அந்நம்பிக்கை ஒருவர் நற்குணத்தின்மேல் நின்றதன்று. எல்லாருக்கும் திறந்திருந்த கணக்குப் புத்தகத்தின்மேல் நின்றது. மோனேயின் பிற்கால முயற்சிகள் அனைத்துக்கும் வித்து இதுவே என்று கருதுகிறோம்.

சமாதானம் வந்தது, சபை கலைந்தது. யுத்தகால ஏற்பாடுகளை நீட்டிக்க அமெரிக்கர் இசையவில்லை, வியாபாரிகளும் விரும்பவில்லை. மோனே சர்வதேச சங்கத்தின் துணைக் காரியதரிசியாக 1919இல் அமர்ந்தார். அங்கும் கரி அவரைத் தொடர்ந்தது. மேல் சைலீசியாவின் சுரங்கங்களை ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பங்கிடும் வழக்கில் அவர் உழைத்தார். 1923 ஜனவரியிலோ பிரான்சும் பெல்ஜியமும், வரவேண்டிய கரியும் மரமும் வரவில்லை என்று ரூர் பள்ளத்தாக்கில் படையை நுழைத்தன. அவ்வாண்டிறுதியில் மோனே பதவியைத் துறந்து, நொடித்துக்கொண்டிருந்த குடும்ப வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த ஊர் திரும்பினார். அதன்பின் அமெரிக்காவில் பாங்குத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியதையும், அதனை இழந்ததையும், சீனதேசத்தில் சில காலம் உழைத்ததையும், இத்தாலியப் பெண்மணி ஒருவரை 1934இல் மாஸ்கோவில் மணந்ததையும் விரிப்பின் பெருகும்.

1940 ஜூன் 16ஆம் நாளை மட்டும் விடுதல் தகாது. பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்தது. அப்போது லண்டனில் நேச நாடுகளின் கொள்முதல் குழுவுக்குத் தலைவராயிருந்த மோனே, பிரான்சும் பிரிட்டனும் ஒரே அரசாய் இணைவது என்னும் வியக்கத்தக்க யோசனையை வரைவதில் முன்னின்றார். சர்ச்சில் ஒப்பினார்; டிகால் அதனைத் தொலைபேசியில் பிரதம மந்திரி ரேனோவுக்குப் படித்துக் காட்டினார். அன்று மாலையே ரேனோ பதவி விலகினார். யோசனை ஒரு பகலும் உயிர்வாழவில்லை. மோனே அமெரிக்கா சென்று, யுத்த தளவாட உற்பத்தியைப் பெருக்கும் பணியில் பிரிட்டிஷாருக்கு உழைத்தார். 1943இல் அல்ஜியர்ஸ் நகரிலிருந்தபோது, யுத்தம் முடிந்தபின் ஐரோப்பிய நாடுகள் பழையபடி தனித்தனி ஆதிபத்தியம் செலுத்துமாயின் சமாதானம் நிலையாது என்று ஒரு குறிப்பு எழுதினார்.

1946இல் பிரான்சின் புனர்நிர்மாணத் திட்டத்துக்கு மோனே தலைவரானார். கரியே அத்திட்டத்தின் முதல் வரி. கரி இல்லாமல் மின்சாரம் இல்லை. ரூரிலிருந்து வரும் கோக் கரி இல்லாமல் பிரெஞ்சு உலைகளில் எஃகு இல்லை. ஆகவே ரூரை மேற்பார்வையிட 1949இல் ஓர் அதிகார சபை அமைந்தது. ஜெர்மானியருக்கோ அது தோற்றவன் கழுத்தில் பூட்டிய நுகமாய்த் தோன்றியது. 1923இன் விதை மீண்டும் முளைப்பதை மோனே கண்டார். 1950 வசந்தத்தில் ஆல்ப்ஸ் மலையில் நடந்து திரிந்தபோது அவர் சிந்தித்தது இதுவே: ஜெர்மன் கரியைப் பிரெஞ்சுக்காரர் கண்காணிப்பதற்கு மாறாக, இருநாட்டுக் கரியையும் எஃகையும் இருவர்க்கும் பொதுவான ஓர் அதிகாரத்தின்கீழ் வைத்தால் என்ன? வெற்றிபெற்றவனும் அதே சட்டத்துக்குப் பணியவேண்டும் என்பதே இதிலுள்ள புதுமை.

சட்டப் பேராசிரியராகிய ரெயுத்தேர், உதவியாளராகிய இர்ஷ், உரி ஆகியோருடன் அமர்ந்து ஒன்பது முறை திருத்தி எழுதினார். மந்திரிகளுக்கும் இராஜதூதருக்கும் அதனைக் காட்டவில்லை; காட்டியிருந்தால் திருத்தியே கொன்றிருப்பர். அயல்நாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் அதனை வாரவிடுமுறையில் மெஸ் நகருக்கு அருகிலுள்ள தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்து, தாமே பொறுப்பேற்க ஒப்பினார். ஷூமன் லக்ஸம்பர்க்கில் பிறந்து, லோரேன் நாடு ஜெர்மனியின் கீழ் இருந்தபோது ஜெர்மன் பிரஜையாயிருந்தவர். எல்லைக்கோடு மாறுவதால் குடிகளுக்கு நேரும் அல்லல் அவருக்கு நூலறிவன்று. மே 9ஆம் நாள் காலையில் ஜெர்மானிய முதல் மந்திரி அடனாவரின் இசைவு வந்தது. மாலையில் உலகம் அறிந்தது. தன் சுரங்கங்களை 1947இல்தான் அரசுடைமையாக்கியிருந்த பிரிட்டன் விலகி நின்றது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1951 ஏப்ரல் 18இல் பாரிஸில் கையொப்பமிட்டன. 1952 ஆகஸ்டில் லக்ஸம்பர்க்கில் கூடிய உயர் அதிகார சபைக்கு மோனேயே முதல் தலைவர்.

இச்சபையின் வேலை எத்தகையது என்பதற்கு ஒன்று கூறுவோம். அதற்குமுன், கரி வண்டி எல்லையைக் கடந்தவுடன் பிரயாணம் அங்கேதான் தொடங்கியதுபோலப் புதிதாய்க் கட்டணம் விதிக்கப்பட்டது. நெடுந்தூரத்துக்குரிய தள்ளுபடியும் போயிற்று. சொந்த நாட்டாருக்கு ஒரு விலை, அயலாருக்கு ஒரு விலை என்னும் வழக்கமும் இருந்தது. இவற்றை ஒழிக்க ஏற்பாடாயிற்று. 1953 பெப்ருவரியில் கரிக்குப் பொதுச் சந்தை திறந்தது. அரசாங்கங்களைக் கைந்நீட்டிக் கேளாமல், உற்பத்தியின்மேல் சிறுவரி விதித்துத் தன் செலவைத் தானே தேடிக்கொள்ளவும், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்கு உதவவும் சபைக்கு உரிமை இருந்தது.

வெற்றி நீடிக்கவில்லை. கரியைப் போலவே படைகளையும் ஒன்றாக்கும் உடன்படிக்கையைப் பிரெஞ்சுப் பார்லிமெண்டே 1954 ஆகஸ்டு 30இல் தள்ளிவிட்டது. மோனே அடுத்த ஆண்டு பதவியை விட்டிறங்கி, கட்சித் தலைவரையும் தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டி ஒரு செயற்குழுவை அமைத்தார். 1956இன் இறுதியில் சூயஸ் கால்வாய் யுத்தத்தால் அடைபட, ஐரோப்பாவுக்கு எண்ணெய் வரும் பெருவழி மூடிற்று; பெட்ரோல் பங்கீட்டில் கிடைத்தது. எண்ணெயை நம்பியிருத்தல் ஆபத்து என்ற அச்சத்தில், மோனே பெரிதும் விரும்பிய அணுசக்திச் சமூகமும், அதனோடு பொருளாதாரச் சமூகமும் 1957 மார்ச்சில் ரோமாபுரியில் உருவாயின. 1967க்குள் ஒன்றரைக்கோடி கிலோவாட் அணு மின்சாரம் என்று அறிஞர் மூவர் இலக்குக் குறித்தனர். கால்வாய் திறந்தது, எண்ணெய் மலிந்தது, இலக்கு ஏட்டிலே நின்றது. 1959இல் கரி விற்பனையாகாமல் குவிந்து கிடக்க, நெருக்கடி நிலையை அறிவிக்க உயர் அதிகார சபை வேண்டியபோது நாடுகள் மறுத்தன. பஞ்சத்தைப் பங்கிட்டுக்கொள்ள அமைந்த வீட்டில் மிகுதியைப் பங்கிட மனம் வரவில்லை. அன்றியும், ஐரோப்பாவின் உலைகள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தன. மோனே கட்டிய அரண் கரிக்கு. எண்ணெயோ அதன் மதிலுக்கு வெளியே கிடந்தது. இதனை அவர்தம் குறையென்று கூற நாம் துணியோம். ஆயினும் விளைந்த கேடு பெரிது.

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டு, அராபிய நாடுகள் எண்ணெயைக் குறைத்து, நெதர்லாந்துக்கு அறவே நிறுத்தியபோது அக்கேடு வெளியாயிற்று. ஒரே சமூகத்தின் ஒன்பது நாடுகளும் ஒன்பது வழியில் ஓடின. தமக்கு மட்டும் எண்ணெய் தடையின்றி வரவேண்டுமென்று பிரான்சும் பிரிட்டனும் தனித்தனியே நட்புத் தேடின. தண்டனை பெற்ற அண்டைவீட்டானுக்கு வெளிப்படையாய்த் துணைநிற்க அஞ்சின. அவ்வண்டைவீட்டானின் குரோனிங்கன் வாயுவோ குழாய்வழியே பிரெஞ்சு அடுப்புகளில் எரிந்துகொண்டிருந்தது. எண்பத்தைந்தாம் வயதில் மோனே கண்டது 1914இன் சந்தையையே.

அவ்வாண்டு கோடையிலேயே அவர், நாடுகளின் தலைவர்கள் தாமே தவறாது கூடி முடிவுசெய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதியிருந்தார். நெருக்கடிக்குப்பின் அதற்குச் செவி கிடைத்தது. 1974 டிசம்பரில் பாரிஸில் கூடிய தலைவர்கள் ஆண்டுக்கு மும்முறை கூட இசைந்தனர்; ஐரோப்பியக் கவுன்சில் என்னும் சபை பிறந்தது. 2022இல் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்து, குழாய் வாயு குன்றியபோது, அக்கோடையில் ஒவ்வொரு நாடும் தன் கிடங்கை நிரப்ப விலையை ஏற்றிக்கொண்டதையும் நாம் பார்த்தோம். வாயுச் செலவில் நூற்றுக்கு 15 பங்கு குறைக்க இசைந்ததையும், 2023இல் கூடி வாங்க ஓர் ஏற்பாடு செய்ததையும் பார்த்தோம். கோதுமைக் குழுவை நினையாதிருக்க நம்மால் இயலவில்லை.

மோனே 1975இல் செயற்குழுவைக் கலைத்து, அடுத்த ஆண்டு தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். பாரிஸுக்கு மேற்கே ஊழாரே என்னும் சிற்றூரில் கூரை வேய்ந்த தம் வீட்டில், 1979 மார்ச்சு 16இல் தொண்ணூறாம் வயதில் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1988 நவம்பர் 9இல், அவருடைய எலும்புகள் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஐம்பதாண்டுக்கென்று எழுதிய நிலக்கரி உடன்படிக்கை 2002 ஜூலையில் தவணை முடிந்து மறைந்தது. பிரான்சின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2004இல் லோரேனில் மூடப்பட்டது. ரூர் நாட்டின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பாட்ராப் நகரில் மூடப்பட்டது.