ஒற்றை இருக்கை

திருநீர்மலை படியேறி மேலே நின்னா, மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களை எண்ணிக்கிட்டே இருக்கலாம். கொஞ்சம் தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். அங்கே இருப்பது, பறக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கான பள்ளி. அப்படி ஒரு ஆசிரியர் ஏறி உட்காரவே இடமில்லாத விமானத்தில் பழகியவர் இந்திரலால் ராய்.

1898 டிசம்பர் 2-ல் கொல்கத்தாவில் பிறந்தார். படிப்பு லண்டனில். முதல் உலகப்போர் நேரம். பிரிட்டிஷ் பறக்கும் படைக்கு விண்ணப்பித்தார். பார்வை சரியில்லைன்னு தள்ளிட்டாங்க. பையன் தன் மோட்டார் பைக்கை விற்றார். அந்தக் காசில் பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, நல்ல பார்வைதான் என்று எழுதி வாங்கிவந்தார். 1917-ல் இடம் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் பிரான்சில் 56-ஆம் ஸ்குவாட்ரன்.

அங்கே எஸ்.இ.5ஏ விமானம். ஒரே இருக்கை. முதல் தடவையே தனியாத்தான் ஓட்டணும். முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சறுக்குக்கட்டை. எடையின் மையம் சக்கரங்களுக்குப் பின்னால். தரை தொட்டதும் மூக்கு லேசா திரும்பினாலும் பின்பக்க எடை அதை இன்னும் திருப்பிவிடும். சூப்பர் மார்க்கெட் ட்ராலியைப் பின்பக்கமா வேகமாத் தள்ளிப் பாருங்க, புரியும். பிரேக் கிடையாது. ஓடுதளமும் வெறும் புல்வெளிதான்.

சேர்ந்து கொஞ்ச நாள்தான். விமானம் தரையில் மோதியது, ராய்க்குக் காயம். செத்துட்டார்னு பிணவறையில் போட்டதாகவும், உள்ளிருந்து கதவைத் தட்டியதாகவும் ஒரு கதை உலவுது. அது எனக்குக் கொஞ்சம் சினிமாவாத்தான் படுது. எனக்குப் பிடிச்சது வேற. படுத்திருந்த நாட்களில் அவர் விமானங்களா வரைஞ்சு தள்ளினார். அதில் பல படங்கள் இன்னும் இருக்கின்றன.

பறக்கத் தகுதியில்லை என்றார்கள். மறுபடி அதே பல்லவி! விடாமல் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனார். விமானம் அதே எஸ்.இ.5ஏ. ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். இரண்டு, மற்றவர்களோடு பகிர்ந்தவை.

ஜூலை 22 அன்று கார்வின் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் விழுந்தார். வயது 19. அன்றைக்கு மருத்துவர்கள் பிடிவாதமாகத் தடுத்திருந்தால் அந்தப் பத்தும் இல்லை. ஒருவேளை இந்த மரணமும் இல்லை.

வீரப்பதக்கம் செப்டம்பரில் வந்தது. அப்போது அவருடைய உறவுக்காரப் பையன் சுப்ரதோ முகர்ஜிக்கு ஏழு வயது. 1954-ல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானது அந்தப் பையன்தான்.