இரு கோடுகளுக்கு இடையே

திருப்பூரில் ஏற்றுமதிக்கு ஆயத்தமான பனியன் பெட்டிகள் அனைத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆய்வாளர் சில ஆடைகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார். தையலுக்குக் கண் போதும். அளவுக்கு நாடா வேண்டும். சாயத்தின் உறுதியைத் துவைத்தே அறிய வேண்டும். வினாவுக்கேற்ற சோதனை அமையாவிடில் முடிவு பிழையாகும். இவ்வுண்மையை நாடளாவிய ஆய்வுகளில் நிலைநாட்டியவர் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்படும் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். ஈரோட்டில் பிறந்த கணிதமேதை இராமானுஜன் அங்கே அவருக்கு நண்பரானார். தாயகம் திரும்பும் வேளையில் கிடைத்த புள்ளியியல் ஆய்விதழ்த் தொகுதிகள் அவரது வாழ்வின் திசையை மாற்றின.

1926இல் ஒடிசாவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதெனக் கருதிய பொறியாளர்கள், கரைகளை உயர்த்த எண்ணினர். மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை எனக் காட்டினார்.

1931இல் அவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்கத்தின் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டபோது, ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். அவர்களின் முடிவுகள் வேறுபட்ட அளவே பிழையின் அளவைப் புலப்படுத்தியது. அவரது முயற்சியால் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது.

1960இல் அவர் வெளியிட்ட வரைபட முறை, இச்சிந்தனையின் கனியாகும். குடும்பங்களை வறியோர் முதல் செல்வர் வரை வரிசைப்படுத்தி, எண்ணிக்கையில் சமமான பிரிவுகளாகப் பகுத்தார். ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். காட்சி அழகாயிருப்பினும் அதனை அவர் உடனே நம்பவில்லை. இரு தனி மாதிரிகளுக்கும் இரு கோடுகள் வரைந்தார். அவற்றின் இடைப்பரப்பைப் பிழைப் பரப்பு என்றார். இரு காலங்களின் கோடுகளுக்கு இடையிலுள்ள பரப்பைப் பிழைப் பரப்போடு ஒப்பிட்ட பின்னரே மாற்றம் உண்மையா என முடிவு செய்தார். வறியோர் வாழ்வு உயர்ந்ததா என்னும் வினாவுக்குத் தோற்றத்தை நம்பி விடை கூறலாகாது என்பதே அவர் கொள்கை.

1968இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. வரைபடத்தின் வாயிலாக உண்மையைக் காட்டியதோடு, அவ்வரைபடத்தின் பிழையையும் அதிலேயே காட்டிய நேர்மை அவரது தனிச்சிறப்பாகும்.